வெள்ளிக்கிழமைச் சூடு

விளக்கு நின்றுபோன சாயங்காலம் அந்த அறையில் ஐந்து பேர் இருந்தோம். முத்தம்மா அடுப்பங்கரைச் சுவரில் முதுகைச் சாய்த்து, மடியிலிருந்த முறத்தில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுச் சந்திரம்மா அவளுக்கு எதிரில், வாசற்படியை ஒட்டி. முத்தம்மாவின் மூத்த மகன் கிருஷ்ணப்பா ஆஸ்பத்திரிக் காக்கிச் சட்டையைக் கழற்றாமல், பின்கட்டுக் கதவின் மறைவில் குந்தியிருந்தான். அதே லைனில் குடியிருக்கும் மர டிப்போ ரைட்டரான நான் ஜன்னலுக்குக் கீழே தகரப் பெட்டியின் மேல். சரளா மட்டும் யாரோடும் சேராமல், தன் புருஷன் கோவிந்தப்பாவைக் கிடத்தியிருந்த இடத்தின் தலைமாட்டில், விளக்கோடு விளக்காக உட்கார்ந்திருந்தாள். கோவிந்தப்பாவை எரித்தாகிவிட்டது, இன்னும் காரியம் ஆகவில்லை.

மண்ணெண்ணெய் தீர்ந்துகொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. சுடர் நீலமாகச் சுருங்கியது. திரியோரத்தில் ஒரு சிவப்புப் பொட்டு மிஞ்சி, அதுவும் போயிற்று. மார்கழி இருட்டு அறைக்குள் வந்து நின்றது. அந்த இருட்டில், தரையில் மடித்துப் போட்டிருந்த கம்பளியின் அடியிலிருந்து ஓர் ஆண்குரல் நிதானமாகப் பேசிக்கொண்டே இருந்தது. தென்னங்கன்று நடுவதற்குக் குழி எவ்வளவு ஆழம் இருக்கவேண்டும், அதில் முதலில் எதைப் போடவேண்டும் என்று அந்தக் குரல் சொல்லிற்று.

முத்தம்மாவின் கையிலிருந்து முறம் நழுவிக் காய் உருண்டது. சந்திரம்மா எழுந்து வெளிவாசலுக்குப் போய்விட்டாள். குரல் மெல்ல மெல்ல இறங்கியது. சொல் புரியாமல் முனகலாகி, முனகலும் தேய்ந்து, எங்கே முடிந்தது என்று தெரியாமல் முடிந்தது. அத்தனைக்கும் வெற்றிலை மடித்து வாயில் போட்டு மெல்லும் நேரம் இருக்கும்.

அப்போதுதான் சரளா, செத்த வீட்டில் அத்தனை நாளும் வாயைத் திறக்காதவள், சாதாரணமாகச் சொன்னாள்.

"அன்னிக்கு அவரும் இப்பிடித்தான் இருந்தாரு. தூக்கறப்ப நெஞ்சு சூடா இருந்துச்சு."

கிருஷ்ணப்பா மண்ணெண்ணெய் டப்பாவைத் தடவி எடுத்துக்கொண்டு பின்கட்டு வழியாகவே கடைக்குப் போனான்.

அந்த விளக்கைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஐம்பத்தொன்பதில் எங்கள் ஜோகுபாளையத்தில் மெயின் ரோடு வரைக்கும் கரண்டு வந்திருந்தது. எங்கள் லைன் வீடுகளுக்குள் வரவில்லை. கோவிந்தப்பா நகரத்தின் மறுகோடியில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தின் பட்டறையில் வேலை செய்தான். ராவு ராவென்று உலோகத் துண்டுகளைத் தேய்த்து, ஒன்றோடொன்று பற்றவைக்கும் வேலை. கரண்டு எட்டாத கிராமங்களில் ரேடியோ பாடவேண்டும் என்பது அங்கிருந்தவர்களின் எண்ணம். அதற்காக ஒரு மண்ணெண்ணெய் விளக்கைச் செய்திருந்தார்கள். கண்ணாடிச் சிமினிக்கு மேலே கனமான இரும்புக் குழாய். குழாயைச் சுற்றி இரண்டு வகை உலோகத்தில் சின்னச் சின்னத் துண்டுகள் வரிசையாக. அவற்றுக்கு வெளியே, பூ விரிந்தாற்போல அலுமினியத் தகடுகள். உள்பக்கம் சுடரால் கொதிக்கும், வெளிப்பக்கம் காற்றில் குளிரும். அந்தச் சூட்டுக்கும் குளிருக்கும் நடுவில் கரண்டு பிறந்து கம்பி வழியாக ரேடியோவுக்கு ஓடும்.

தண்ணீர்க் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு கோவிந்தப்பா இதை எல்லாருக்கும் விளக்குவான். அணைக்கட்டு வேண்டாம், ஆவி வேண்டாம், சுழல்கிற சக்கரம் ஒன்றுகூட வேண்டாம் என்பான். ஒரு பக்கம் நெருப்பு, ஒரு பக்கம் குளிர், நடுவில் அது பாட்டுக்கு ஓடும் என்பான். சரளா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே ஒருநாள் சொன்னாள்: "நம்ம ஊட்லயும் அதே கதைதான். ஒரு பக்கம் உங்கம்மா, ஒரு பக்கம் நான். நடுவுல நீங்க ஓடறீங்க." குழாயடி முழுக்கச் சிரித்தது. முத்தம்மாவும் சிரித்தாள். யார் நெருப்பு, யார் குளிர் என்று மட்டும் கேட்டாள்.

வீடுகளில் புழங்கினால் அது எத்தனை காலம் தாங்கும் என்று பார்ப்பதற்காக ஆளுக்கொன்று கொடுத்து அனுப்பியிருந்தார்கள். விளக்கு எரிகிறவரை ரேடியோ கரண்டை இழுத்துக்கொண்டே இருக்கவேண்டும் என்று அதன் சுவிட்சைப் பற்றவைத்து மூடிவிட்டார்கள். ஆகவே விளக்கை ஏற்றினால் பேசும். வேறு வழி கிடையாது. சாயங்காலமானால் லைன் வீட்டுப் பெண்கள் ஊதுபத்தி உருட்டும் பலகையோடு அங்கே வந்துவிடுவார்கள். மூங்கில் குச்சியில் கரிமாவைப் பூசி உருட்டிக்கொண்டே மெட்ராஸ் ஸ்டேஷன் கேட்பார்கள். சரளாவின் கைதான் எல்லாரிலும் வேகம்.

அந்த வெள்ளிக்கிழமையும் அப்படியே உருட்டிக்கொண்டுதான் இருந்தாள். கோவிந்தப்பாவுக்குச் சில நாளாகக் காய்ச்சல். கம்பவுண்டரின் மிக்ஸ்சருக்கும் நிற்கவில்லை. மத்தியானம் பேச்சு குழறியது. வெயில் சாயும் நேரத்தில் மூச்சுச் சத்தம் நின்றது. கிருஷ்ணப்பா ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தூக்குகிறவன். எங்கள் தெருவில் சாவு என்றால் டாக்டர் வேண்டியதில்லை, அவன் வந்து கையைப் பிடித்துப் பார்த்துச் சொன்னால் சரி. அவன் வந்தான், பார்த்தான், போய்விட்டது என்றான்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் ஓட்டம். இருட்டுவதற்குள் எடுக்காவிட்டால் மறுநாள் சனிக்கிழமை. சனிப் பிணம் தனிப் போகாது. பாடையில் ஒரு கோழிக்குஞ்சைக் கட்டி அனுப்பினால் தோஷம் கழியும், ராத்திரி வைத்திருந்து ஊரிலிருந்து சரளாவின் அப்பா வந்ததும் எடுக்கலாம் என்று சந்திரம்மா சொல்லிப் பார்த்தாள். முத்தம்மா கேட்கவில்லை. கோழியை வாங்கிக்கொண்டு சனி போகுமா, நான் பெற்றது இன்னொன்று இருக்கிறதே அதைக் கேட்காதா என்றாள். மூங்கில் வந்தது, தப்பட்டை வந்தது. குளிப்பாட்டினார்கள். வாய்க்கரிசி போடக் குனிந்த சரளா, புருஷனின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்து, "கொஞ்சம் இருங்க" என்று சொல்லியிருக்கிறாள். தப்பட்டைச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை என்கிறார்கள். விழுந்தது என்றும் சிலர் சொல்கிறார்கள். பாடை எழுந்துவிட்டது. பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. எங்கள் லைன் வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் கீழ்வானத்தில் புகை மட்டும் தெரியும்.

அந்த அவசரத்தில் இன்னொன்றும் நடந்தது. பாடை போனதும் கிடத்திய இடத்தைக் கழுவி விளக்கு வைக்கவேண்டுமல்லவா? சந்திரம்மா கைக்குக் கிடைத்த விளக்கை ஏற்றி வைத்துவிட்டாள். அது ஆராய்ச்சிக்கூடத்து விளக்கு. செத்தவர் தலைமாட்டில் ஒருமுறை வைத்த விளக்கைக் காரியம் ஆகும்வரை மாற்றக்கூடாது, நகர்த்தக்கூடாது, வாயால் ஊதி அணைக்கக்கூடாது. ஏற்றிச் சூடேறியதும் அது பேசத் தொடங்கியது. துக்க வீட்டில் பாட்டுச் சத்தமா என்று ரேடியோவின் மேல் கம்பளியை மடித்துப் போட்டார்கள். கம்பளிக்கு அடியில் அது இரவும் பகலும் முணுமுணுத்தது. ஸ்டேஷன் மூடியிருக்கும் நேரத்தில் வெறுமனே மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

இன்னொரு விஷயத்தை முதலில் கவனித்தவள் முத்தம்மா. முன்வாசல் கதவைத் திறந்தால் குரல் ஏறுகிறது. ஏரிப் பக்கமிருந்து வரும் குளிர்காற்று வந்து மோதியதும் கம்பளிக்குள் இருப்பவர் யாரோ நிமிர்ந்து உட்கார்ந்து பேசுவது போல இருக்கும். யார் வந்தாலும் ஏறியது. ஆனால் அந்த முதல் நாட்களில் கிருஷ்ணப்பாவுக்கு ராத்திரி டியூட்டி, வேலை முடிந்து வருவது விடியற்காலையில், பனி கொட்டும்போது. அவன் கதவைத் திறக்கும்போதெல்லாம் அறையே அதிர்ந்தது. இரண்டு மூன்று நாள் பார்த்துவிட்டு அவன் முன்வாசல் வழியாக வருவதை விட்டான். பின்கட்டு வழியாக வந்து, கதவு மறைவிலேயே குந்திச் சாப்பிட்டுவிட்டுப் போனான்.

முத்தம்மாவுக்குச் செத்த மகன் அடங்கவேண்டும். பூக்காரியிடம் கதம்பம் வாங்கி அந்தத் தகடுகளைச் சுற்றிச் சுற்றிக் கட்டினாள். சந்தனத்தைக் குழைத்து அப்பினாள், அதன் மேல் கோவிந்தப்பாவின் மேல்துண்டைப் போர்த்தினாள். சொல்லிவைத்தாற்போல் குரல் தாழ்ந்து கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஆயிற்று. "அடங்கிட்டான்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மாமியார் குளிக்கப் போன நேரத்தில் சரளா துண்டை எடுத்து, பூவை அவிழ்த்து, சந்தனத்தை ஈரத்துணியால் துடைத்தாள். குரல் மேலே வந்தது. மறுநாள் மறுபடி கதம்பம் ஏறியது. மறுபடி இறங்கியது.

விளக்கு நின்று பேசிய சாயங்காலத்துக்குப் பிறகு தெரு முழுக்க ஒரே பேச்சு. சரளா சொன்ன வாக்கியம் அவள் சொன்னபடி நிற்கவில்லை. பாடையில் கை அசைந்ததாம், தண்ணீர் கேட்டானாம் என்று கிளைவிட்டது. பால்காரர் வழியாக, லாரிக்காரர் வழியாக, அது குடியாத்தத்துக்கும் போய்ச் சேர்ந்தது. சரளாவின் அப்பா முனியப்பன் அங்கே தறி வைத்திருக்கிறவர். அவரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. படித்துக் காட்டியது நான்தான். சுற்றி வளைக்காமல் கேட்டிருந்தார். உன் புருஷன் உயிரோடு இருக்கும்போதே அவன் அண்ணன் கொளுத்திவிட்டான் என்று இங்கே பேசுகிறார்கள். ஆம் என்று நீ ஒரு வரி எழுது. வக்கீலோடு வருகிறேன், போலீசில் கொடுத்து அவனை உள்ளே தள்ளாமல் திரும்பமாட்டேன். இல்லை என்றால் அதையும் எழுது, வாயை மூடிக்கொள்கிறேன்.

கார்டை நான் படித்தபோது கிருஷ்ணப்பா வீட்டில் இல்லை. முத்தம்மா இருந்தாள். சரளா கார்டை வாங்கி மாடத்தில் வைத்துவிட்டு ராகிக்களிக்கு உலை வைத்தாள். துடுப்பால் களியைக் கிண்டும்போது அவள் தோள் ஏறி இறங்கியதே தவிர முகத்தில் ஒன்றும் இல்லை. தட்டில் போட்டு எனக்கும் கொடுத்தாள். நான் விரலை வைத்துச் சுட்டுக்கொண்டேன். மேலே ஆறியிருக்கும், உள்ளே ஆறாது, ஓரத்திலிருந்து சாப்பிடுங்க என்றாள். அப்படிச் சொன்னவள் ஏதோ நினைவு வந்தவளாகத் துடுப்பைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள்.

ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து ஸ்ரீகண்டன் என்ற இளைஞர் சைக்கிளில் வந்தது அந்த வாரத்தில்தான். கோவிந்தப்பா வேலை செய்த பிரிவில் உதவியாளர். துக்கம் கேட்டார். தயங்கித் தயங்கி விளக்கைத் திரும்ப எடுத்துப் போகவேண்டும் என்றார். தலைமாட்டு விளக்கை இப்போது எடுக்க முடியாது என்று முத்தம்மா சொன்னதும், காரியம் முடிந்தே வருகிறேன் என்று ஒப்புக்கொண்டார். கதம்பமும் சந்தனமும் அப்பியிருந்த தகடுகளைப் பார்த்துத்தான் அவருக்குத் தாங்கவில்லை. இப்படி மூடினால் வெளிப்பக்கமும் சூடாகிவிடும், கரண்டு வராது, தகடுகள் குளிர்ந்திருந்தால்தான் வேலை செய்யும் என்றார். வாசல் திறந்தால் குரல் ஏறுவதைப் பற்றிச் சந்திரம்மா கேட்டாள். காற்று பட்டால் தகடு குளிரும், குளிர்ந்தால் கரண்டு கூடும், அவ்வளவுதான் என்றார். பின்கட்டில் ஒரு செம்பு நகரும் ஓசை கேட்டது. கிருஷ்ணப்பா அங்கே இருந்தான்.

சரளா தலைமாட்டில் இருந்தபடியே கேட்டாள்.

"சார், நெருப்பு போன அப்புறம் யார் பேசறாங்க?"

"அது மெட்ராஸ் ஸ்டேஷன்லேர்ந்து..."

"அது தெரியும் சார். எங்க ஊட்டுக்காரர் சொல்லியிருக்காரு. எண்ண தீர்ந்து விளக்கு நின்னுபோச்சு. அப்பவும் பேசிச்சு. எதை வெச்சுப் பேசிச்சுன்னு கேக்கறேன்."

"ஓ, அதுவா. உள்ள கனமான இரும்பு இருக்கும்மா. சுடர் ஆடினாலும் குரல் ஆடக்கூடாதுன்னு நாங்கதான் வெச்சோம். அதுல சூடு தங்கும். நெருப்பு போனாலும் அது ஆறற வரைக்கும் கரண்டு வரும்."

"எப்ப நிக்கும்?"

"உள்ளயும் வெளியவும் ஒரே சூடா ஆயிட்டா நின்னுடும். சூடு மட்டும் போதாதும்மா. வித்தியாசம் இருக்கணும்."

"கனமான பொருள்னா?"

"லேட்டா ஆறும்."

"அப்ப, ஒருத்தர் தொட்டுப் பாக்கறாரு. கைக்குச் சூடு தெரியுது. உள்ள நெருப்பு இருக்குதுன்னு சொல்லலாமா?"

"சொல்ல முடியாது. சூடு இருக்கறதனால நெருப்பு இருக்குன்னு ஆயிடாது."

"இல்லேன்னு சொல்லலாமா?"

ஸ்ரீகண்டன் வாயைத் திறந்தார். அப்போதுதான் அவருடைய பார்வை விளக்கு இருந்த இடத்தின் மேலும், அதன் பக்கத்தில் ஆளில்லாமல் கழுவி விட்டிருந்த தரையின் மேலும் போயிற்று. "தொட்டுப் பாத்து மட்டும் ரெண்டுல எதையும் சொல்ல முடியாதும்மா" என்றார், மெதுவாக.

"அதான் கேட்டேன்" என்றாள் சரளா.

அவரோடு நான் தெரு முனை வரை நடந்தேன். என்ன விஷயம் என்று கேட்டார், சொன்னேன். தான் விளக்கைப் பற்றி மட்டும்தான் சொன்னதாக அந்த அம்மாவிடம் சொல்லிவிடும்படி கேட்டுக்கொண்டார். அது அவளுக்குத் தெரியும் என்றேன். தெரிந்ததனால் அவருக்கு ஆறுதல் ஏற்பட்டதாகத் தோன்றவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, மர டிப்போவில் எனக்கு லீவு. பின்கட்டில் சரளா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். சந்திரம்மா வீட்டு வெல்லக்காபியோடு நான் படியில். கிருஷ்ணப்பா வந்தான். கதவு மறைவுக்குப் போகாமல் நேராகத் துவைக்கிற கல்லின் எதிரில் வந்து நின்றான். அந்த மனிதன் அவ்வளவு தொடர்ச்சியாகப் பேசி நான் கேட்டதில்லை.

"சரளா, ஆஸ்பத்திரில நான் தூக்கறதெல்லாம் ஆறிப்போனதும்மா. டாக்டர் பாத்து, நர்சம்மா துணி மூடி, சீட்டு எழுதி, அதுக்கப்புறம்தான் என்னைக் கூப்புடுவாங்க. எத்தினி பேரைத் தூக்கியிருப்பேன், ஒருத்தரையும் சூட்டோட தொட்டதில்ல. தெருவுல எல்லாம் எனக்குத் தெரியும்னு நெனச்சிக்கினாங்க. நானும் அப்பிடித்தான் நெனச்சிக்கினு இருந்தேன்."

சரளா துணியைக் கல்லில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"தம்பி கையைப் புடிச்சா சூடா இருந்துச்சு. நாடி பாத்தேன். இல்ல. மறுபடி பாத்தேன், துடிக்குது. அது என் வெரல்ல துடிக்குதா அவன் கையில துடிக்குதான்னு தெரியல. மூச்சை அடக்கிக்கினு பாத்தேன், அப்பவும் தெரியல. அம்மா ஜல்தி ஜல்திங்கறா. வெளிய மூங்கில் வந்துருச்சு. போயிட்டான்னு சொல்லிட்டேன்."

"எங்கிட்ட ஏன் மாமா கேக்கல?"

"கேட்டா நீ தூக்க உட்டிருக்க மாட்டே."

"நான் இருங்கன்னேனே. கேட்டுச்சா?"

கிருஷ்ணப்பா தரையைப் பார்த்தான். "கேட்டுச்சு" என்றான்.

சோப்புத் தண்ணீர் கல்லிலிருந்து வழிந்து அவன் காலடியைச் சுற்றிக்கொண்டு போயிற்று. அவன் காலை நகர்த்தவில்லை. அடுப்பங்கரையிலிருந்து முத்தம்மா எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகன் சொன்னதெல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது. வெளியே வந்து, யாரையும் பார்க்காமல், என்னிடம் சொன்னாள்.

"ரைட்டரே, கடுதாசு எழுதறதுன்னா எம்பேரப் போட்டு எழுதுப்பா. அவசரப்படுத்துனது நான். ஒண்ணு போயிருச்சு, இன்னொண்ணாவது நிக்கட்டும்னு பாத்தேன். நிக்குது பாரு, எப்பிடி நிக்குதுன்னு."

சரளா மறுபடி குனிந்து துணியை எடுத்து அடித்தாள். அன்றைக்கு அவ்வளவுதான்.

காரியம் ஏரிக்கரையில் நடந்தது. தலைமுடி இறக்கிக்கொண்ட கிருஷ்ணப்பாவைப் பார்த்தால் பத்து வயது கூடினாற்போல் இருந்தான். சடங்கெல்லாம் முடிந்து திரும்பிய பிறகு விளக்குக்கு எண்ணெய் ஊற்றவில்லை. தானாக மலையேறட்டும் என்று விட்டார்கள். ஸ்ரீகண்டன் ஜட்கா வண்டியோடு வாசலில் காத்திருந்தார். சுடர் போனதும், பேச்சு இன்னும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும்போதே, கைக்குத் துணி சுற்றிக்கொண்டு தூக்கக் குனிந்தார்.

"இருங்க சார்" என்றான் கிருஷ்ணப்பா. "ஆறட்டும்."

பரவாயில்லை, துணி இருக்கிறது, சுடாது என்றார் அவர். கிருஷ்ணப்பா நகரவில்லை. விளக்குக்கும் அவருக்கும் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். குரல் இறங்கியது, முனகியது, நின்றது. அதற்கப்புறமும் அவன் எழவில்லை. ஜட்காக்காரன் வெளியே இரண்டு தரம் குரல் கொடுத்தான். கிருஷ்ணப்பா தகடுகளைத் தொட்டான், நடுக் குழாயைத் தொட்டான், புறங்கையை வைத்துப் பார்த்தான். பிறகு நகர்ந்து, சரளாவைப் பார்த்தான். அவளும் வந்து தொட்டாள். "இப்ப ஆச்சு" என்றாள். அவனே அதைச் சாக்கில் சுற்றித் தூக்கிப் போய் வண்டியில் வைத்தான். அந்த வீட்டில் அன்று ராத்திரி முதல் சத்தமில்லை. சத்தமில்லாதது அதைவிட மோசம் என்று சந்திரம்மாவிடம் முத்தம்மா சொன்னாளாம். முன்வாசல் கதவைத் திறக்கும்போதெல்லாம் இன்னும் ஒரு கணம் நின்று காது கொடுக்கிறாளாம்.

தீட்டு கழிந்ததும் ஊதுபத்தி ஏஜெண்டின் ஆள் மூங்கில் குச்சிக் கட்டுகளைக் கொண்டுவந்து போட்டான். சரளா பலகையை எடுத்துக் கழுவினாள். நான் டிப்போவிலிருந்து திரும்பும்போது கூப்பிட்டாள். கிருஷ்ணப்பா டியூட்டிக்குப் போயிருந்தான், அவன் வருவதற்குள் அப்பாவுக்கு எழுதிவிடவேண்டும் என்றாள்.

தகரப் பெட்டியின் மேல் காகிதத்தை வைத்துக்கொண்டேன். தேவரீர், சேமம், அவ்விடத்துச் சுகம் எல்லாம் எழுதியாயிற்று. அதற்கு மேல் எப்படி எடுத்துக்கொண்டு போவது என்று எனக்குத் தெரிந்த அளவில் ஒரு பத்தி எழுதிப் படித்துக் காட்டினேன். விதி என்றும், யார் மேலும் குற்றமில்லை என்றும் வந்தது. அவள் உருட்டிக்கொண்டிருந்த குச்சியை வைத்துவிட்டாள்.

"அழகா எழுதாதீங்க ரைட்டரண்ணா. நான் சொல்றத எழுதுங்க."

அடித்துவிட்டு அவள் சொன்னபடி எழுதினேன். தூக்கும்போது நெஞ்சு சூடாக இருந்தது. இருங்கள் என்று நான் சொன்னேன். மாமா நாடி பார்த்தார், இருந்ததா இல்லையா என்று அவருக்கே தெரியவில்லை என்று என்னிடம் சொன்னார். எனக்கும் தெரியவில்லை. எரித்தாகிவிட்டதால் இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆம் என்று எழுதினால் அது பொய். இல்லை என்று எழுதினாலும் பொய். வக்கீலைக் கூட்டிக்கொண்டு வரவேண்டாம். யாராவது வந்து என்னைக் கேட்டால் இதில் ஒன்றையும் மறைக்கமாட்டேன், ஒன்றையும் கூட்டமாட்டேன். நான் இந்த வீட்டில்தான் இருக்கிறேன்.

"கடைசியில, இப்போதைக்குன்னு சேக்கட்டுமா?" என்று கேட்டேன்.

யோசித்தாள். "வேணாம்" என்றாள். "இருக்கேன்னே போடுங்க."

கவரில் போட்டு விலாசம் எழுதினேன். கோந்து தீர்ந்திருந்தது. முத்தம்மா சட்டியிலிருந்து ஒரு சோற்றுப் பருக்கையை எடுத்து வந்து தன் கையாலேயே மடிப்பில் தேய்த்துவிட்டாள். என்ன எழுதியிருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. நான் எழுதும்போது அடுப்பங்கரையிலிருந்து காதில் வாங்கிக்கொண்டுதான் இருந்தாள்.

அந்த நேரம் முன்வாசல் வழியாகக் கிருஷ்ணப்பா வந்தான். கவரையும் என் பேனாவையும் பார்த்தான். அவனுக்கு எழுதப் படிக்க வராது. யாருக்கு என்றான். எங்கப்பாவுக்கு என்று சொல்லி சரளா கவரை அவனிடம் நீட்டினாள்.

"தபால் எடுக்கற நேரம் ஆவுது மாமா. நீங்களே போட்டுட்டு வந்துருங்க."

நான் போட்டுவிடுகிறேன் என்று எழுந்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் உட்கார்ந்துவிட்டேன்.

கார்டில் அவள் அப்பா என்ன கேட்டிருந்தார் என்பது தெரு முழுக்கத் தெரியும். அவனுக்கும் தெரியும். கவரை வாங்கித் திருப்பிப் பார்த்தான். மடிப்பின் ஒரு மூலை ஒட்டாமல் எழும்பியிருந்தது. பெருவிரலை வைத்து அழுத்தினான். எடுத்துப் பார்த்தான், மறுபடி அழுத்தினான். "என்ன எழுதியிருக்கேன்னு கேக்கலியே" என்றாள் சரளா. அவன் தலையை ஆட்டினான். கேட்கப்போவதில்லை என்றா, கேட்கவேண்டியதில்லை என்றா தெரியவில்லை.

பழைய மெட்ராஸ் ரோடு முனையில் தபால் பெட்டி. எங்கள் வாசலிலிருந்து நேராகத் தெரியும். சரளா கரிமாவு கையோடு படிக்கு வந்து நின்றாள், நான் அவளுக்குப் பின்னால். சாரல் போட ஆரம்பித்திருந்தது. கிருஷ்ணப்பா கவரைச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு, அவசரப்படாமல் நடந்தான். பெட்டிக்கு முன்னால் நின்று வெளியே எடுத்தான். அதன் வாயில் பாதி நுழைத்து, கையை விடாமல், அப்படியே நின்றான். ஒரு லாரி போயிற்று. ஒரு குதிரை வண்டி போயிற்று. சரளா கூப்பிடவும் இல்லை, உள்ளே போகவும் இல்லை.

அவன் விரல்களைப் பிரித்தான். கடிதம் உள்ளே விழுந்தது.